சோற்றுக் கோப்பையும் உப்புப் பைக்கற்றும்

அப்பாவின் நீரிழிவுக் கிளினிக் நாளில் எங்கள் வீட்டில் மத்தியானம் வரை பெரிதாகச் சத்தம் இருக்காது. விடியவே போய் இலக்கம் எடுத்து, வரிசையில் இருந்து, இரத்தம் கொடுத்து, கையில் பரிசோதனைத் துண்டோடு திரும்பி வருவார். வந்து சேர்ந்ததும் அதே கேள்விதான். "நான் சீனி நிப்பாட்டி ஆறு மாசம். பிறகு ஏன் ஏறுது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை. கடிக்கப் பனங்கட்டியும் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் தரும் கேக் துண்டைப் பிரிக்காமலே என் கையில் தந்துவிடுவார். ஒருநாள், தங்கச்சி கேக் அடிக்க வாங்கி வைத்திருந்த தராசை எடுத்து அவருடைய மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பையை நிறுத்துப் பார்த்தேன். கறி போட முன்னம், கோப்பையின் நிறையைக் கழித்து, சோறு மட்டும் 450 கிராம்.

100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாச்சத்து இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கோப்பையில் 126 கிராம். மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டிச் சீனி 4 கிராம் அளவில் வரும். கணக்கைப் போட்டு, "முப்பது கரண்டிச் சீனிக்குக் கிட்ட வருது, அப்பா" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சோறும் சீனியும் ஒண்டா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஒன்றல்லத்தான். ஆனால் வயிற்றுக்குள் போன பிறகு இரண்டும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது தெரிந்தால், சாப்பாட்டுக்கும் நெடுநாள் வருத்தங்களுக்கும் உள்ள தொடர்பில் பாதி விளங்கிவிடும்.

கரையில் குவியும் மீன்

சோறு, பாண், புட்டு, கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாச்சத்து, குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. வாயில் தொடங்கிச் சிறுகுடல் வரை அந்த மாலை அறுந்து அறுந்து, கடைசியில் குளுக்கோஸாக இரத்தத்துக்குள் இறங்குகிறது. சீனியிலும் பாதி குளுக்கோஸ்தான். அதனால் இரத்தத்தில் பார்க்கிற "சீனி", தேத்தண்ணியில் போட்ட சீனியிலிருந்து மட்டும் வருவதில்லை.

அதற்குப் பிறகு நடப்பதை எங்கள் திருகோணமலைக் கடற்கரையை வைத்தே சொல்லலாம். விடிய வள்ளங்கள் கரைக்கு வருகின்றன. மீன் இறங்க இறங்க வியாபாரிகள் பெட்டி பெட்டியாக வாங்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். குளுக்கோஸ்தான் மீன் என்று வையுங்கள். வியாபாரி, கணையம் அனுப்பும் இன்சுலின். மீன் வாங்கும் வீடுகள், நம்முடைய தசையும் ஈரலும். வள்ளம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நூறு வள்ளம் ஒரே நேரத்தில் வந்தால் கரையில் மீன் குவியும். ஆனாலும் வீடுகளில் இடம் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும்.

சிக்கல் வருவது வீடுகள் நிறைந்த பிறகு. "நேற்று வாங்கினதே ஐஸுக்குள்ள கிடக்கு, இண்டைக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்தினால் வியாபாரி என்ன செய்வார்? கணையம் இன்னும் பத்து வியாபாரிகளை அனுப்பும். கத்திக் கூப்பிட்டு எப்படியோ விற்றுவிடுவார்கள். இப்படி எத்தனையோ வருடம் போகும். வெளியே ஒரு குறியும் தெரியாது, பரிசோதனைத் துண்டிலும் சீனி சரியாகத்தான் இருக்கும். இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். ஈரலிலும் தசையிலும் கொழுப்புச் சேரச் சேர இது கூடும். கடைசியில் அனுப்பி அனுப்பிக் கணையம் களைத்துப்போகிறது. அப்போதுதான் மீன் கரையிலேயே கிடக்கும், அதாவது சீனி இரத்தத்தில் தங்கும். "திடீரெண்டு சீனி வந்திட்டுது" என்று சொல்கிறோமே, அது திடீரென்று வந்ததல்ல.

இரத்தத்தில் தங்கிய குளுக்கோஸ் சும்மா இருக்காது. தொட்ட இடத்தில் ஒட்டும். இரத்தக் குழாய்ச் சுவரிலும் நரம்பிலும் அதன் வேலை மெதுவாக நடக்கும். கண், சிறுநீரகம், பாதம் என்று பிறகு வருகிற தொல்லைகள் எல்லாம் அந்தக் குழாய்களின், நரம்புகளின் கதைதான். சிவப்பணுவில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எச்பிஏ1சி பரிசோதனை. சிவப்பணு 120 நாள் அளவில் உயிரோடு இருப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சாப்பாட்டை அது காட்டிக்கொடுத்துவிடும். கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. (அப்பா முயற்சி செய்து பார்த்தார்.) 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. வெறும் வயிற்றில் எடுக்கும் சீனி, ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு 126 மில்லிகிராமைத் தொட்டாலும் அதே கதை, அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு தரம் பார்த்து உறுதி செய்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெலிந்தவர்களுக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். தெற்காசியர்களான நமக்குக் கையும் காலும் மெலிவாக இருக்க, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்புச் சேர்கிற உடல்வாகு உண்டு. அதனால் தராசை விட அளவுநாடா நல்ல சாட்சி. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்றிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சாரம் கட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. காற்சட்டை இறுக்கினால் தெரியும், சாரம் எந்த வயிற்றுக்கும் இடம் கொடுக்கும்.

தவிடு போன கதை

வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதா, ஒரேயடியாக வருவதா என்பதைத் தீர்மானிப்பது எது? பெரும்பாலும் நார்ச்சத்தும், தானியம் எந்த உருவத்தில் வருகிறது என்பதும்தான்.

சீனக்குடாப் பக்கம் போனவர்கள் அந்தப் பெரிய கோதுமை ஆலையைப் பார்த்திருப்பீர்கள். கோதுமை மணியில் ஏறக்குறைய 83 வீதம் உள்ளே இருக்கும், மாச்சத்து நிறைந்த வெள்ளைப் பகுதி, 14 வீதம் அளவில் தவிடு, மீதி முளை. வெள்ளை மா என்பது தவிட்டையும் முளையையும் நீக்கிய மிச்சம். நாரும் பி விற்றமின்களில் பெரும்பங்கும் நீக்கிய பகுதியோடு போய்விடும். கையில் கிடைப்பது மென்மையான, சீக்கிரம் கெட்டுப்போகாத, வயிற்றுக்குள் வேகமாகக் கரைகிற மா. பாண், பணிஸ், ரோல்ஸ், கொத்து எல்லாம் அதில்தான். தம்பலகாமத்து நெல்லையும் மில்லில் கொடுத்து வெள்ளை வெளேரென்று தீட்டினால் அதே கதைதான். தவிடு ஒட்டிய சிவப்புப் புழுங்கல் அரிசியைவிட, தீட்டிய பச்சையரிசி சீனியைப் பொதுவாக வேகமாக ஏற்றும்.

தீட்டினால் என்ன நடக்கும் என்பது உலகத்துக்கு முதலில் தெரிந்தது கோழிகளால். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜாவாவில் இருந்த கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி வருத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் எழும்பி நடந்தன. தவிட்டில் இருந்த ஒன்று, பிறகு தயமின் (விற்றமின் பி1) என்று பெயர் பெற்றது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெரிபெரி என்ற பெயரே சிங்களத்து "பெரி", அதாவது "முடியாது" என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அரிசி அதே அரிசிதான். மேலே இருந்த மெல்லிய தோல் போனதுதான் வித்தியாசம்.

இதைச் சொன்னால் உடனே குரக்கனுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. என் பெரியம்மா அப்படித்தான். "எனக்கு சீனி, அதால குரக்கன் புட்டு" என்று சொல்லிக்கொண்டு மூன்று நீத்துப்பெட்டிப் புட்டைத் தேங்காய்ப்பூவோடு முடிப்பார். குரக்கனில் நார் கூட, கல்சியம் நிறைய. நல்ல தானியம்தான், மறுப்பில்லை. ஆனால் நூறு கிராம் குரக்கன் மாவிலும் எழுபது கிராமுக்குக் கிட்ட மாச்சத்து இருக்கிறது. அதுவும் குளுக்கோஸாகத்தான் முடியும். பழஞ்சோற்றைப் பற்றியும் இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். சோறு ஆறிக் கிடந்தால் மாச்சத்தில் ஒரு சின்னப் பகுதி செரிக்கக் கஷ்டமான உருவத்துக்கு மாறும் என்பது உண்மை. அந்தச் சின்னப் பகுதியை நம்பி ஒரு கோப்பை கூடப் போட்டுச் சாப்பிட்டால் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

"இது சாப்பிடலாமா, கூடாதா" என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. வாழைப்பழம் சாப்பிடலாமா, மாம்பழம் கூடாதா, முட்டை? எனக்கு அந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. எவ்வளவு, எதோடு, எத்தனை நாளைக்கு ஒருக்கா என்று கேட்டால் பதில் சொல்லலாம். பொங்கலுக்குத் தின்ற சர்க்கரைப் பொங்கல் யாருக்கும் நீரிழிவைக் கொண்டுவந்ததில்லை. தினமும் ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டிச் சீனி என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேலே. பழத்தின் இயல்பான இனிப்பை இதில் சேர்க்காமல், கலந்து உண்ணும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணியிலேயே அந்தக் கணக்கு முடிந்தால் சோடாவுக்கும் பிஸ்கட்டுக்கும் இடம் ஏது? 2016 முதல் நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்களே, அது இந்தச் சீனிக்காகத்தான். போத்தலைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

கோப்பையை மாற்றியது

அப்பாவின் சோற்றைப் பறிக்கவில்லை. பறித்தால் மூன்றாம் நாள் எல்லாம் பழையபடி வந்துவிடும். கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் இலைக்கறிக்கும் ஒதுக்கினோம். கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கௌப்பி போன்றவை. மீதிக் கால்வாசிதான் சோறு. முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல் எல்லாம் கோப்பைக்குள் வந்தன. முன்பும் அவை வீட்டில் இருந்தவைதான். ஆனால் சோற்று மலையின் அடிவாரத்தில் ஒரு கரண்டியாக இருந்தவை. இலைக்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால், சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது சரிவராது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சரி, விட்டுவிட்டோம். பதிலாக, சாப்பிட்ட பிறகு படுக்காமல் கடற்கரை வரை ஒரு நடை. நடக்கும்போது தசை இன்சுலினைப் பெரிதாக எதிர்பார்க்காமலே குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். வியாபாரிக்குக் காத்திராமல் வீட்டுக்காரரே கரைக்கு வந்து மீன் வாங்குவது மாதிரி.

இப்படிச் சின்னச் சின்னதாகச் செய்வதில் பலன் இருக்கிறதா என்று கேட்டால், நீரிழிவுக்கு முந்திய கட்டத்தில் இருந்த 3234 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று உண்டு. 2002இல் முடிவு வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்தவர்களில் நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. சீனியைக் குறைக்கும் மெட்ஃபோர்மின் குளிசை போட்டவர்களில் 31 வீதம். மருந்து தோற்றது என்று இதை வாசிக்கக் கூடாது. வருத்தம் வந்தவர்கள் குளிசையை நிறுத்துவதற்கு இது சாட்டும் அல்ல. இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம், கிளினிக்கில் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும்.

காசைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகளில் முதலில் குறைந்தது மீனும் முட்டையும்தான். அந்த இடத்தை நிரப்பியது சோறும் பாணும். "சமநிலை உணவு" என்று படம் கீறிச் சுவரில் ஒட்டுகிறவர்கள் பாரை மீனின் விலையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனாலும் கடற்கரைக்காரருக்கு ஒரு வழி இருக்கிறது. சூடை, சாளை, கீரி போன்ற சின்ன மீன்கள் பெரிய மீனைவிட மலிவு. இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 கொழுப்பு இந்த மாதிரி எண்ணெய்ப் பிடிப்பான மீன்களில்தான் நிறைய. முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். முருங்கை இலைக்கு வேலியில் காசு கேட்பதில்லை. இன்னொரு குறை, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற அம்மாமாருக்கு மிஞ்சுவது சோறும் சொதியும் மட்டும்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, தராசு வந்த பிறகுதான் எனக்கே கண்ணில் பட்டது.

தேங்காய்க்கு வருவோம். தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. சோயா, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், அது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது. எல்டிஎல் குழாய்ச் சுவருக்குள் படிந்து படிந்து தடித்து, ஒருநாள் வெடித்து, இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதுதான் பெரும்பாலான மாரடைப்பு. அதற்காகச் சொதியைக் கைவிடச் சொல்லவில்லை. முதற்பாலைக் குறைத்துக்கொள்ளலாம். பொரித்த எண்ணெயிலேயே திரும்பத் திரும்பப் பொரிப்பதை நிறுத்தலாம்.

உப்பு

நாங்கள் இருப்பது உப்புவெளியில். ஊரின் பேரிலேயே உப்பு. இன்னும் வடக்கே நிலாவெளிப் பக்கம் உப்பளங்கள். இங்கிருந்துகொண்டு உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மத்தியானம் கருவாட்டுக்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் முழுக்கத் தண்ணீர் குடிக்கிறோமே, அது இதனால்தான். சிறுநீரகம் மேலதிக உப்பை வெளியே தள்ளும் வரை இரத்தக் குழாய்க்குள் கொள்ளளவு கூடி நிற்கும். குழாய்க்குள் கூடத் தண்ணீர் விட்டால் அழுத்தம் கூடும்தானே. எல்லோருக்கும் ஒரே அளவில் கூடாது, வயது போனவர்களுக்கும் பிரஷர் உள்ளவர்களுக்கும் உப்பு கூடுதலாக வேலை காட்டும். வருடக்கணக்கில் இந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிக் குழாய்கள் விறைக்கும், இதயத்தின் தசை தடிக்கும், மூளைக்குப் போகிற குழாயில் அடைப்போ வெடிப்போ வந்தால் பாரிசவாதம். தலையிடித்தால்தான் பிரஷர் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அளந்து பார்க்கும்வரை தெரியாத வருத்தம் இது. மேல் அழுத்தம் 140ஐயோ கீழ் அழுத்தம் 90ஐயோ தொட்டு நின்றால் பிரஷர்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஆளுக்கு நாளுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக. ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. உப்புப் பைக்கற்றை உடைக்கிற நாளில் அதன் மேலே பேனையால் திகதியை எழுதி வையுங்கள். முடிகிற நாளையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர். 400 கிராம் பைக்கற் பத்து நாளில் முடிந்தது. ஒரு நாளைக்கு 40 கிராம், ஆளுக்கு 10. அதாவது இரண்டு மடங்கு. இதில் கருவாடு சேரவில்லை, ஊறுகாய் சேரவில்லை, அப்பளம், சோயா சோஸ், நூடில்ஸ் பைக்கற்றுக்குள் வரும் தூள் எதுவும் சேரவில்லை. பாண்கூட உப்புத்தான், 100 கிராமில் ஏறக்குறைய 1 கிராம் இருக்கும், நாக்குக்குத் தெரிவதில்லை.

இந்துப்பு, கல்லுப்பு என்று மாற்றினால் தப்பலாம் என்றும் சொல்கிறார்கள். எல்லாம் சோடியம்தான். அயடீன் சேர்க்காத உப்பாக இருந்தால் அயடீனும் நட்டம்.

மரக்கறி, பழம், பருப்பு வகையில் இருக்கும் பொட்டாசியம் சோடியத்தை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்கு உதவும். இலைக்கறியும் வாழைப்பழமும் பிரஷருக்கு நல்லது என்பது இதனால்தான். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அதே பொட்டாசியம் ஆபத்தாகலாம். அவர்கள் யாருடைய கட்டுரையையும் நம்பிச் செவ்விளநீர் குடிக்க வேண்டாம், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் முதலில் நிறுத்தியது சோறு அவிக்கும்போது போடுகிற உப்பை. கறியில் இருக்கிறதுதானே, சோற்றுக்கு எதற்கு? முதல் கிழமை எல்லோர் முகமும் நீண்டது. நாக்கு பழகச் சில கிழமைகள் எடுக்கும், அதற்குப் பிறகு பழைய அளவு கரிக்கும். தேசிக்காய்ப் புளியும் கறிவேப்பிலையும் இஞ்சியும் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பின. மேசையில் இருந்த உப்புப் போத்தலைக் குசினிக்குள் வைத்தோம். கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கத் தொடங்கினோம்.

நாலு மாதம் ஆகிறது. அப்பாவின் சோறு இப்போது 250, 280 கிராமுக்குள் நிற்கிறது. சீனி இறங்கியிருக்கிறது. இடையில் குளிசையின் அளவையும் மாற்றினார்கள், அதனால் முழுப் புகழையும் கோப்பைக்குக் கொடுக்க முடியாது. தராசைத் தங்கச்சி திருப்பிக் கேட்டுவிட்டாள், இப்போது ஒரு கிண்ணத்தால் அளக்கிறோம்.

போன கிழமை முடிந்த உப்புப் பைக்கற் 16 நாள் வந்திருந்தது. ஆளுக்கு ஆறேகால் கிராம். கணக்கை எழுதி அம்மாவிடம் காட்டினேன். அவர் துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில நேற்றுச் சமைச்ச சூடைக் கருவாடு சேர்ந்ததோ?" என்று கேட்டார்.

சேரவில்லை.